சாரல் மேல் பழி வேண்டாம்

குற்றாலத்தில் சீசன் தொடங்கி, சாரல் தென்காசி வரை வந்துவிட்டால் நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். அந்த நாட்களில் கடைப் பையன் இருமினால், "சாரல் ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஒரு சுக்குக் காப்பியோடு முடித்துவிடுகிறோம். பங்குனி வெயிலிலும் அந்த இருமல் நிற்கவில்லை என்றால் பழியை யார் மேல் போடுவது?

நாம் விற்கும் சரக்கின் மேலும் ஒரு கண் வைக்க வேண்டும். கோதுமை மாவு, மைதா, தானியத் தூசி ஆகியவை ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியவை. மூட்டைகளில் பெருகும் நுண்ணிய சிலந்திப் பூச்சிகளும், ஈரக் கிட்டங்கியின் பூஞ்சையும் அவற்றோடு சேரும். வத்தல் நெடியோ, இளைப்பு உள்ளவரை அந்த நிமிடமே வாட்டும். இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700-ஆம் ஆண்டில் வெளியிட்ட தொழில் நோய்கள் பற்றிய நூலிலேயே, தானியம் சலிப்போருக்கும் அளப்போருக்கும் தனி அத்தியாயம் ஒதுக்கினார்.

இந்த நோய் முதல் நாளே வருவதில்லை. மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில் மாவோடு பழகிய பிறகும் வரலாம். வந்துவிட்டால் சிறிது தூசியே போதும். விடுமுறையில் மூச்சு சீராகி, வேலைக்குத் திரும்பியதும் மீண்டும் இழுத்தால் அதுவே முக்கிய அடையாளம். தாமதிக்காமல் தூசியிலிருந்து விலக்கினால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

தூசியை அடக்கினால் பலன் உண்டா? ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் 1980-களில், சில நாட்களில் மட்டும் ஏராளமானோர் ஆஸ்துமாவோடு மருத்துவமனைக்கு ஓடினர். துறைமுகத்தில் சோயா இறக்கும்போது எழுந்த தூசியே காரணம் என்று கண்டறிந்து, சேமிப்புக் கிடங்கில் வடிகட்டி பொருத்தினர். அந்தத் தொல்லை அடங்கியது.

நமக்கு அவ்வளவு செலவும் இல்லை. மாவை உயரத்திலிருந்து கொட்டாமல் கரண்டியால் அள்ளலாம். சாக்கைக் கடைக்குள் உதறாமல் இருக்கலாம். வறண்ட துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணியால் துடைக்கலாம். கிட்டங்கியில் காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்று வைக்கலாம். மாவும் வத்தல்தூளும் சிப்பம் கட்டுபவருக்கு, துண்டுக்குப் பதில் சரியான முகக்கவசம் வாங்கித் தரலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. இருமுகிறவரைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டால், அடுத்தவர் இருமலை மறைப்பார், நோய் முற்றும். அவரை மருத்துவரிடம் அனுப்பி, தூசி இல்லாத வேலைக்கு மாற்றுவதே முறை. என்ன சரக்கைக் கையாளுகிறார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்ல வேண்டும்.

கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர 2021-இல் தமிழகத்தில் சட்டத் திருத்தமே தேவைப்பட்டது. மூச்சு விடுவதற்கும் சட்டம் வரட்டும் என்று காத்திருப்பது நமக்குப் பெருமையல்ல. கல்லாவில் உட்கார்ந்து நாமும் நம் பிள்ளைகளும் சுவாசிப்பது அதே காற்றைத்தான். இந்தச் சீசனுக்கு முன்பே தொடங்குவோம்.