உள்ளூரில் சாம்பியன், தேசியப் போட்டியில் தடுமாற்றம்... அமெரிக்கப் பள்ளிகளின் 'குவிஸ் பவுல்' லீக்கில் என்ன நடக்கிறது?

வினாடி வினா என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பள்ளி ஆண்டு விழா மேடை, வரிசையாக நாலு மேசை, "இந்தக் கேள்வி பி அணிக்கு" என்று மைக்கில் சொல்லும் ஆசிரியர். பி அணிக்குத் தெரியவில்லை என்றால் 'பாஸ்'. கேள்வி சி அணிக்குப் போகும். கடைசியில் கைதட்டல், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு, முடிஞ்சது.

அமெரிக்காவில் இதையே ஒரு விளையாட்டாக மாற்றி வைத்திருக்கிறார்கள். பயிற்சியாளர் உண்டு, சீசன் உண்டு, லீக் உண்டு. யார் எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னார்கள், எவ்வளவு சீக்கிரம் சொன்னார்கள் என்று கிரிக்கெட் ஸ்கோர்கார்டு மாதிரி புள்ளிவிவரமும் உண்டு. பெயர் 'குவிஸ் பவுல்'. கல்வியாண்டு தொடங்கியதும் சனிக்கிழமைப் போட்டிகளாக ஆரம்பித்து, மே மாதக் கடைசியில் தேசிய சாம்பியன்ஷிப்பில் உச்சத்துக்குப் போகும். 300க்கும் மேற்பட்ட அணிகள் ஒரே இடத்தில் கூடும்.

ஆனால் இதில் ஒரு புதிர் இருக்கிறது. தன் ஊர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட தோற்காத அணி, தேசியப் போட்டிக்குப் போய் பாதி ஆட்டத்தில் தோற்றுத் திரும்புவது அங்கே சகஜம். பசங்களுக்கு அறிவு குறைஞ்சு போச்சா? அப்படியெல்லாம் இல்லை. அவர்கள் ஊரில் ஆடியதும் அங்கே போய் ஆடியதும் ஒரே ஆட்டம் இல்லை என்பதுதான் விஷயம்.

ஆட்டம் எப்படி நடக்கும்?

பொதுவாக ஒரு அணிக்கு நான்கு பேர். எட்டு பேர் கையிலும் பஸ்ஸர். நடுவர் ஒரு கேள்வியை வாசிக்கத் தொடங்குவார். இதற்குப் பெயர் 'டாஸ்-அப்'. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் குறுக்கிட்டு பஸ்ஸரை அழுத்தலாம். பக்கத்தில் இருக்கும் தோழரிடம் கேட்கக் கூடாது. சரியான பதிலுக்கு 10 புள்ளிகள். பதில் சொன்ன அணிக்கு மட்டும் மூன்று பகுதிகள் கொண்ட ஒரு 'போனஸ்' கேள்வி கிடைக்கும். அதில் கலந்து பேசலாம், 30 புள்ளிகள் வரை எடுக்கலாம்.

அவசரப்பட்டால் தண்டனையும் உண்டு. கேள்வி முடிவதற்குள் அழுத்தி, தப்பாகச் சொன்னால் 5 புள்ளிகள் போய்விடும். மிகச் சீக்கிரமாகவே சரியாகச் சொன்னால் 10க்குப் பதில் 15. இது 'நாக்ட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நேஷனல் அகாடமிக் குவிஸ் டோர்னமென்ட்ஸ் அமைப்பின் விதி.

கேள்வியே ஒரு பிரமிடு

குவிஸ் பவுலின் உயிர்நாடி கேள்வி எழுதப்படும் விதத்தில் இருக்கிறது. ஒரு டாஸ்-அப் என்பது நாலைந்து வாக்கியம் கொண்ட ஒரு பத்தி. முதல் வாக்கியம் மிகக் கடினமான குறிப்பு. போகப் போக எளிதாகிக்கொண்டே வரும். கடைசி வாக்கியம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரிந்தது. இதைத்தான் 'பிரமிடு' பாணி என்கிறார்கள்.

நமக்குத் தெரிந்த ஒருவரை வைத்தே ஒரு மாதிரிக் கேள்வி போட்டுப் பார்ப்போம்.

"1920 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் இவர் 'மாக் தீட்டா' சார்புகளைப் பற்றிக் குறிப்பிட்டார். ஒரு முழு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதற்கு, இங்கிலாந்து நண்பருடன் சேர்ந்து ஒரு சூத்திரம் தந்தார். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். 1729 என்ற டாக்ஸி எண் சாதாரண எண் இல்லை என்று ஹார்டியிடம் சொன்னவர். 10 புள்ளிகளுக்கு, ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இந்தக் கணித மேதை யார்?"

ராமானுஜன் என்று உங்களுக்கு எந்த வரியில் தெரிந்தது? பெரும்பாலானோருக்கு டாக்ஸி எண் வரும்போது தெரிந்திருக்கும். கணிதம் ஆழமாகப் படித்த ஒருவர் முதல் வரியிலேயே பஸ்ஸரை அழுத்தியிருப்பார். அதாவது, 'தெரியுமா, தெரியாதா' என்று மட்டும் இந்தக் கேள்வி பார்ப்பதில்லை. 'எவ்வளவு ஆழமாகத் தெரியும்' என்று அளக்கிறது.

இப்போது இதையே ஒரு வரிக் கேள்வியாகப் போடுங்கள்: "1729 எந்த இந்தியக் கணித மேதையோடு தொடர்புடைய எண்?" ரெண்டு அணிக்கும் தெரியும். யார் விரல் வேகமோ அவர்களுக்குப் புள்ளி. நாலு வருஷம் படித்தவரும், நேற்று ஒரு ரீல்ஸ் பார்த்தவரும் இங்கே சமம்.

உள்ளூர் லீக்குக்கும் தேசியப் போட்டிக்கும் இடையே உள்ள இடைவெளி இதுதான். பல உள்ளூர் லீக்குகள் இன்னமும் ஒரு வரி, இரண்டு வரிக் கேள்விகளையே பயன்படுத்துகின்றன. அங்கே வேகத்தால் ஜெயித்துப் பழகிய அணி, பிரமிடுக் கேள்விகள் வரும் மேடையில் முதல் மூன்று வரிகளுக்கு வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும். அதற்குள் எதிரணி பஸ்ஸரை அழுத்திவிடும்.

ஏன் ஊருக்கு ஒரு விதி?

இதற்குப் பதில் தேட ரேடியோ காலத்துக்குப் போக வேண்டும். 1953ல் என்பிசி ரேடியோவில் 'காலேஜ் பவுல்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. கல்லூரி அணிகள் மோதும் இந்த நிகழ்ச்சி 1959ல் டிவிக்கு வந்து பெரிய ஹிட். பிரிட்டனின் புகழ்பெற்ற 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்' இதன் வாரிசுதான். 1961ல் வாஷிங்டன் பகுதிப் பள்ளிகளுக்காக 'இட்ஸ் அகாடமிக்' தொடங்கியது. உலகிலேயே நீண்ட காலம் ஓடும் டிவி வினாடி வினா நிகழ்ச்சி என்ற கின்னஸ் சாதனை இதற்கு உண்டு. மேக் மெக்கேரி என்பவர் மட்டுமே சுமார் 50 ஆண்டுகள் இதைத் தொகுத்து வழங்கினார்!

டிவிக்கு என்ன வேண்டும்? விறுவிறுப்பு. அரை நிமிடம் ஓடும் கேள்வியை வீட்டில் உட்கார்ந்திருப்பவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார் என்பது ஒரு கணக்கு. (நாங்களும் டிவிக்காரர்கள்தான், அந்தக் கணக்கு எங்களுக்கும் தெரியும்.) இந்த டிவி நிகழ்ச்சிகளைப் பார்த்து வளர்ந்த ஆசிரியர்கள் தங்கள் மாவட்டத்திலும் மாநிலத்திலும் லீக் தொடங்கினார்கள். ஆளுக்கொரு விதி வைத்தார்கள்.

அதனால் இன்றைக்கும் கலவையான நிலைமை. 'இட்ஸ் அகாடமிக்' ஆட்டத்தில் ஒரே நேரத்தில் மூன்று பள்ளிகள் மோதும். இல்லினாய் மாநிலத்தில் அணிக்கு ஐந்து பேர். அங்கே பள்ளிகளுக்கான கூடைப்பந்துப் போட்டியை நடத்தும் அதே மாநிலச் சங்கம்தான் இதையும் நடத்துகிறது. விர்ஜினியாவில் நடுவில் ஒரு சுற்று, நம்ம ஊர் மாதிரி 'இந்தக் கேள்வி உங்களுக்கு' என்று அணி அணியாகக் கேட்கப்படும். கென்டக்கியின் 'கவர்னர்ஸ் கப்'பில் பஸ்ஸர் ஆட்டம் ஒரு பகுதி மட்டும்தான். பாடவாரியான எழுத்துத் தேர்வுகளும் சேர்த்துத்தான் மொத்தக் கணக்கு.

இதையெல்லாம் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மாநிலச் சங்கத்தின் கீழ் வருவதால்தான் பல சின்ன ஊர்ப் பள்ளிகளில் பயிற்சியாளருக்குச் சம்பளப்படி, போட்டிக்குப் போக பஸ் எல்லாம் கிடைக்கிறது. லீக்கை மூடிவிட்டு 'எல்லாரும் தேசிய பாணிக்கு வாங்க' என்றால், முதலில் காணாமல் போவது அந்தப் பள்ளிகளாகத்தான் இருக்கும்.

தேசிய சாம்பியன் யார்? அதுவே ஒரு கேள்வி!

நம்ம ஊரில் என்றால் ஒரு அரசுத் துறையோ சங்கமோ 'இதுதான் தேசியப் போட்டி' என்று சொல்லிவிடும். அங்கே அப்படி ஒரு தலைமை அமைப்பே கிடையாது.

மிகப் பெரியது நாக்ட் நடத்தும் ஹைஸ்கூல் நேஷனல் சாம்பியன்ஷிப். 1996ல் தொடங்கிய அந்த அமைப்பு 1999 முதல் இதை நடத்துகிறது. 'பேஸ்' என்ற இன்னொரு அமைப்பு நேஷனல் ஸ்காலஸ்டிக் சாம்பியன்ஷிப்பை நடத்துகிறது. அதில் விதியே வேறு. சீக்கிரம் அழுத்தினால் 20 புள்ளிகள், தப்பானால் கழித்தல் கிடையாது, போனஸில் விட்டதை எதிரணி எடுக்கலாம். இவை போக வேறு அமைப்புகளின் 'தேசிய' போட்டிகளும் உண்டு. ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று பள்ளிகள் 'நாங்கதான் தேசிய சாம்பியன்' என்று பேனர் கட்டலாம். யாரும் பொய் சொல்லவில்லை!

நாக்ட் போட்டிக்குத் தகுதி பெற, சீசனில் நடக்கும் போட்டிகளில் மேல் இடங்களைப் பிடிக்க வேண்டும். அங்கே போனதும் முதலில் பத்து ஆட்டங்கள். ஜெயித்தவர் ஜெயித்தவரோடு, தோற்றவர் தோற்றவரோடு மோதும் முறை. ஆறு ஆட்டமாவது ஜெயித்தால்தான் அடுத்த கட்டம். அதில் இரண்டு முறை தோற்றால் வெளியே.

எந்தப் பள்ளிகள் ஜெயிக்கின்றன?

சங்கடமான கேள்வி இது. பட்டம் வென்ற பள்ளிகளின் பட்டியலில் நியூயார்க்கின் ஹன்டர் காலேஜ் ஹைஸ்கூல் இருக்கிறது, ஆஸ்டினின் லாசா பள்ளி இருக்கிறது. ஹன்டரில் ஏழாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு. லாசாவும் விண்ணப்பித்துத் தேர்வாகிச் சேரும் பள்ளி. இரண்டும் அரசுப் பணத்தில் நடப்பவைதான், ஆனால் மாணவர்கள் வாசலிலேயே வடிகட்டப்படுகிறார்கள். 2019ல் ஒஹையோவின் பீவர்க்ரீக் போன்ற ஒரு வழக்கமான புறநகர்ப் பொதுப்பள்ளி பட்டம் வென்றது பேசப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

ஒரே பள்ளியிலிருந்து ஏ, பி, சி என்று பல அணிகள் வரலாம் என்பதும் பெரிய பள்ளிகளுக்குச் சாதகம். சின்னப் பள்ளியில் இலக்கியம் தெரிந்த ஒரு மாணவி மேற்படிப்புக்குப் போய்விட்டால், அடுத்த வருஷம் அந்தப் பாடத்துக்கே ஆள் இருக்காது. இதைப் புரிந்துகொண்டு, மாணவர் எண்ணிக்கை குறைவான பள்ளிகளுக்கென்றே தனி தேசியப் போட்டி ஒன்றையும் நாக்ட் நடத்துகிறது.

அப்புறம் பணம். நுழைவுக் கட்டணம், பயணம், ஹோட்டல் எல்லாம் அணியின் பாடு. பல அணிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. தங்கள் பள்ளியிலேயே ஒரு சனிக்கிழமைப் போட்டி நடத்தி, பக்கத்து ஊர் அணிகளிடம் கட்டணம் வசூலித்து, அந்தப் பணத்தில் தேசியப் போட்டிக்குப் போவார்கள். அந்தப் போட்டிகள்தான் பிராந்திய அளவிலான சர்க்யூட்டையே உயிரோடு வைத்திருக்கின்றன. நம் பார்வையில், இந்த ஆட்டத்தின் மிக நல்ல பழக்கம் இது. ஆனால் பக்கத்தில் வேறு அணியே இல்லாத கிராமப் பகுதிப் பள்ளி யாரைக் கூப்பிட்டு நடத்தும்?

கேள்வியை எழுதுவது யார்?

பெரும்பாலும் முன்னாள் வீரர்கள். நேற்று பள்ளிக்காக ஆடியவர், இன்று கல்லூரியில் ஆடிக்கொண்டே பள்ளிப் போட்டிக்குக் கேள்வி எழுதுவார். 2004ல் 'ஜெபர்டி' டிவி நிகழ்ச்சியில் தொடர்ந்து 74 ஆட்டம் ஜெயித்த கென் ஜென்னிங்ஸ் கல்லூரி நாட்களில் குவிஸ் பவுல் ஆடியவர். நாக்ட்டுக்குக் கேள்வி எழுதித் திருத்தியும் கொடுத்தவர்.

ஆடுபவரும் எழுதுபவரும் ஒரே சின்ன வட்டத்தில் இருப்பதில் ஆபத்து இருக்கிறது. 2013ல் அது வெடித்தது. கேள்வி எழுதுபவர்களுக்கான இணையப் பக்கங்களில், வரப்போகும் போட்டிக் கேள்விகளின் தொடக்கத் துணுக்குகள் தெரிந்தன. சில கல்லூரி வீரர்கள் அவற்றைத் திறந்து பார்த்தது சர்வர் பதிவுகளில் தெரியவந்தது. கேள்வியைப் பயன்படுத்தினார்களா இல்லையா என்ற விவாதத்துக்குள் நாக்ட் போகவில்லை. பார்க்க வாய்ப்பு இருந்ததே போதும் என்று சொல்லி, 2009 முதல் 2011 வரை ஹார்வர்டு வென்ற நான்கு பட்டங்களைப் பறித்தது.

ஏஐ வந்தாச்சு, இனி?

குவிஸ் பவுலை ஏஐ ஆய்வாளர்கள் பல வருஷம் முன்பே கண்டுகொண்டுவிட்டார்கள். மேரிலாண்ட் பல்கலைக்கழகம் தொடர்புடைய குழு உருவாக்கிய 'கான்டா' என்ற மென்பொருள், 2015ல் சியாட்டிலில் நடந்த காட்சிப் போட்டியில் அதே கென் ஜென்னிங்ஸைத் தோற்கடித்தது. பிரமிடுக் கேள்வி மெஷினுக்கும் சரியான பரீட்சை. எந்த வார்த்தையில் தன் பதிலை நம்பி பஸ்ஸரை அழுத்துகிறது என்பதை அளந்து பார்க்கலாம்.

பள்ளி லீக்குகளுக்கு இப்போதைய தலைவலி வேறு. கொரோனா காலத்தில் போட்டிகள் ஆன்லைனுக்கு மாறியபோது, எதிரில் இருப்பவர் இன்னொரு திரையில் தேடுகிறாரா என்று பார்ப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆனாலும் தூரத்துக் கிராமப் பள்ளிகளுக்கு, பஸ் செலவில்லாமல் நல்ல அணிகளோடு ஆட முதல் முறையாக வழி கிடைத்தது அந்த ஆன்லைன் போட்டிகளில்தான். கேமராவை எங்கே வைப்பது, கைகள் தெரிய வேண்டுமா என்று அவற்றுக்காக எழுதப்பட ஆரம்பித்த விதிகள் இன்னமும் திருத்தப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.