கிளவுட்டில் ஏற்றிவிட்டால் இனிப் பயமில்லையா?

கிளிநொச்சியில் கட்டடப் பொருட்கள் விற்கும் ஒருவர் சில வாரங்களுக்கு முன்னர் மூன்று கொட்டேசன்களை என் முன்னால் வைத்தார். கடையின் விற்பனை, கையிருப்பு, கடன் கணக்கு எல்லாவற்றையும் கணினிமயப்படுத்த அவர் கேட்டிருந்த விலைகள் அவை. ஒருவர் மாதக் கட்டணத்தில் ஆயத்தமான கணக்கு மென்பொருள் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் கடைக்கென்றே ஒரு செயலியை எழுதி, வெளிநாட்டுத் தளம் ஒன்றில் இயக்கித் தருவதாகச் சொன்னார். மூன்றாமவர் இணையத்தில் ஒரு சேர்வரை வாடகைக்கு எடுத்து, கடையில் இப்போதிருக்கும் பழைய மென்பொருளையே அதில் ஏற்றித் தருவதாகச் சொன்னார்.

"மூண்டு பேரும் கிளவுட் எண்டுதான் சொல்லுறாங்கள். பிறகேன் தம்பி விலை மூண்டு விதமாக் கிடக்கு?" என்று கேட்டார். பிறகு, "எதை எடுத்தாலும் இனிக் கணக்கு அழியாதுதானே?" என்றார்.

2009 இல் கடையோடு கடன் கொப்பிகளையும் விட்டு வந்தவர் அவர். யார் எவ்வளவு தரவேண்டும் என்பது அவருடைய ஞாபகத்தில் மட்டுமே மிஞ்சியது. முதற் கேள்விக்கு அங்கேயே பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு உடனே "ஓம்" என்று சொல்ல என்னால் முடியவில்லை. அந்தத் தயக்கத்தின் காரணத்தை இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இடம்பெயரும்போது உடுப்புக்கு முன்னர் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் வங்கிப் புத்தகத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்தவர்கள் நாங்கள். "உங்கள் தரவு அழியாது" என்ற விளம்பரத்தை மற்றவர்களைவிட நாங்கள் சீக்கிரம் நம்பிவிடுவோம்.

மூன்று வகை

மேகக் கணிமை என்று பாடப்புத்தகம் சொல்வதும் கிளவுட் என்று நாம் பேசுவதும் ஒன்றுதான். வேறொருவருடைய கட்டடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை இணையம் வழியாக வாடகைக்குப் பயன்படுத்துவதே அது. அமெரிக்காவின் தேசிய நியமங்கள், தொழினுட்ப நிறுவகம் 2011 இல் வெளியிட்ட வரைவிலக்கணம் இதனை மூன்று சேவை வகைகளாகப் பிரித்தது. உட்கட்டமைப்பு ஒரு சேவையாக, பணித்தளம் ஒரு சேவையாக, மென்பொருள் ஒரு சேவையாக என்பன அவை.

இடியப்பம் விற்று வாழும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் கரண்டும் உள்ள வெறும் குசினி ஒன்றை வாடகைக்கு எடுத்து, மா, உரல், தட்டு, அடுப்பு எல்லாவற்றையும் தானே கொண்டுபோய்ச் சமைத்தால் அது முதல் வகை. அடுப்பையும் ஆவியையும் தட்டையும் வேறொருவர் பார்த்துக்கொள்ள, இவர் தன் கைப்பக்குவத்தில் குழைத்த மாவைக் கொண்டுபோய்ப் பிழிந்தால் அது இரண்டாவது. அவித்த இடியப்பத்தை எண்ணி வாங்கினால் அது மூன்றாவது. முதலாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகப்போக உங்கள் வேலை குறைகிறது. உங்கள் விருப்பத்துக்கு மாற்றக்கூடியதும் குறைகிறது.

கடைக்காரரின் முதல் கொட்டேசன் மென்பொருட் சேவை. ஜிமெயில், மைக்ரோசொஃப்ட் 365, சோஹோ புக்ஸ், குவிக்புக்ஸ் ஒன்லைன் எல்லாம் இந்த வகைதான். எதையும் நிறுவத் தேவையில்லை. இற்றைப்படுத்தலை அவர்களே செய்வார்கள். மூன்று பேர் வேலை செய்யும் கடைக்கு இதுவே பெரும்பாலும் பொருத்தம். ஆனால் மாதக் கட்டணம் நின்றால் கதவும் மூடும். ஆகவே வாங்குமுன் கேட்கவேண்டியது, "என் கணக்கு முழுவதையும் எக்ஸெல் கோப்பாக நானே இறக்கி எடுக்கலாமா?" என்பதுதான். அதற்கு நேரான பதில் இல்லையென்றால் அந்த மென்பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

இரண்டாவது கொட்டேசன் பணித்தளச் சேவை. கூகுள் 2008 இல் தொடங்கிய அப் எஞ்சின் இதற்கு நல்ல உதாரணம். செயலியை எழுதுபவர் தன் நிரலை மட்டும் கொடுத்தால் போதும். சேர்வர், தரவுத்தளம், பாதுகாப்பு இற்றைப்படுத்தல் ஆகியவற்றைத் தளம் பார்த்துக்கொள்ளும். எங்கள் ஊர் இளம் நிரலாளர்கள் குறைந்த முதலில் தொழில் தொடங்க இது வழி திறந்திருக்கிறது. இதிலுள்ள ஆபத்து, செயலி அந்தத் தளத்தின் பழக்கவழக்கத்தோடு ஒட்டிப்போவதுதான். பேஸ்புக் 2013 இல் வாங்கிய பார்ஸ் என்ற தளம் 2016 ஜனவரியில் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. தளத்தை நம்பியிருந்தவர்களுக்கு வெளியேற ஒரு வருட அவகாசமும் மாற்றிக்கொள்ளும் கருவிகளும் கொடுத்தார்கள். நிரலாளர்களை வைத்திருந்த நிறுவனங்கள் மாறிக்கொள்ளலாம். செயலியை எழுதித் தந்த பெடியன் அதற்குள் வெளிநாடு போய்விட்டால் ஒரு சிறு கடை என்ன செய்யும்?

மூன்றாவது கொட்டேசன் உட்கட்டமைப்புச் சேவை. அமேசன் 2006 இல் கணினித் திறனை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியதோடு இது பரவலானது. பழைய மென்பொருளை மாற்றாமல் ஓட்டலாம், எல்லாம் உங்கள் கட்டுப்பாட்டில். அதேவேளை இயங்குதளத்தை இற்றைப்படுத்துவது, வைரஸைத் தடுப்பது, பிரதி எடுப்பது எல்லாம் உங்கள் தலையில். அதைச் செய்ய மாதச் சம்பளத்தில் ஒருவர் இல்லாத கடைக்கு இது பூட்டில்லாத வீடு மாதிரி.

பொறுப்பு எங்கே நிற்கிறது?

சேவை வழங்குநர்கள் எல்லோரும் "பகிரப்பட்ட பொறுப்பு" என்ற ஒன்றைத் தங்கள் உடன்படிக்கையில் எழுதிவைத்திருக்கிறார்கள். கட்டடம், மின்சாரம், கணினி அவர்களுடையது. அதற்கு மேலே எதுவரை அவர்கள், எங்கிருந்து நீங்கள் என்பது மூன்று வகையிலும் மாறுபடும். ஆனால் உங்கள் தரவும், அதைத் திறக்கும் கடவுச்சொல்லும் மூன்றிலும் உங்கள் பக்கத்திலேயே நிற்கின்றன. விற்க வருபவர்கள் இந்த வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டுவதில்லை.

அது மறக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதை இலங்கை அரசாங்கமே காட்டியது. 2023 ஆகஸ்டில் லங்கா அரசாங்கக் கிளவுட் கப்பம் கேட்கும் தீநிரல் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சலைப் பயன்படுத்திய சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்துக்குரிய மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. அந்தக் காலத்துக்கு, வலையமைப்பிலிருந்து துண்டித்துத் தனியே வைத்த பிரதி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்ததோ, தயாரித்த நிறுவனமே அதே ஆண்டு ஏப்ரலில் ஆதரவை நிறுத்திவிட்ட 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள்.

திணைக்கள அலுவலர் ஒருவருடைய இடத்திலிருந்து பாருங்கள். அவருக்கு அது ஆயத்தமாகக் கிடைத்த மென்பொருட் சேவை. அதற்குக் கீழே யார் இற்றைப்படுத்துகிறார், யார் பிரதி எடுக்கிறார் என்று அவர் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

வசதி குறைந்த நாடு என்பதால் நடந்தது என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2025 செப்டெம்பர் 26 இல் தென்கொரியாவின் தேஜொன் நகரில் அரச தரவு மையத்தில் மின்கலங்கள் தீப்பிடித்தன. 709 அரச முறைமைகள் நிறுத்தப்பட்டன. அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்ற சேவையில் இருந்த 858 டெராபைட் தரவு அழிந்தது. அதற்கு வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை. அலுவலகக் கணினியில் சேமிக்காமல் அதிலேயே சேமிக்குமாறு ஊழியர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. சொன்னதைக் கேட்டு நடந்தவர்களே கூடுதலாக இழந்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அவுஸ்திரேலியாவில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தவர்களைக் கொண்ட யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியம் கூகுளின் உட்கட்டமைப்பை வாடகைக்கு எடுத்திருந்தது. 2024 மே மாதம், கூகுள் தரப்பில் முன்னர் நேர்ந்த ஓர் அமைப்புத் தவறால் நிதியத்தின் தனியார் கிளவுட் சந்தாவே அழிக்கப்பட்டது. இரண்டு இடங்களில் தரவு வைத்திருந்தும் இரண்டும் ஒரே சந்தாவில் இருந்ததால் இரண்டுமே போயின. வேறொரு நிறுவனத்திடம் தனியே ஒரு பிரதி வைத்திருந்தபடியால் நிதியம் மீண்டது. ஒரு வாரத்துக்கு மேல் அங்கத்தவர்களால் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் போனாலும் பணம் தொலையவில்லை.

மூன்று சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தரவைக் காப்பாற்றியது எந்த வகைச் சேவை என்பதல்ல. வேறொரு கையில் வேறொரு பிரதி இருந்ததா இல்லையா என்பதுதான். எங்களுக்கு இது புதிய பாடம் அல்ல. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் பிரதி இருந்த அச்சு நூல்களைப் பின்னர் தேடி வாங்க முடிந்தது. ஒரே பிரதியாக இருந்த ஏடுகள் போனது போனதுதான்.

டொலரும் மின்வெட்டும்

விலையைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரிய கிளவுட் நிறுவனங்களின் கட்டணம் பொதுவாக டொலரில்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 203 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியது. 20 டொலர் மாதக் கட்டணம் ஏறத்தாழ 4,000 ரூபாயிலிருந்து 7,200 ரூபாயானது. மென்பொருட் சேவையில் மாதத் தொகை முன்கூட்டியே தெரியும். உட்கட்டமைப்புச் சேவையில் பாவித்த அளவுக்குத்தான் பில் வரும் என்பார்கள். நிறுத்த மறந்த சேர்வர் இரவு முழுக்க ஓடினாலும் அது பாவித்த கணக்கில்தான் சேரும்.

அடுத்தது இணைப்பு. அதே 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வன்னியையும் வெள்ளத்தில் மூழ்கடித்தபோது மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் நின்றன. அந்த நேரத்தில் ஒரு கடை திறந்திருந்தால் சனத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் பில் போடும் மென்பொருள் இணைப்பில்லாமல் திறக்காது என்றால்? இணைப்பு இல்லாதபோதும் விற்பனையைப் பதிந்து, பின்னர் தானாக ஏற்றும் வசதி எங்கள் பிரதேசத்துக்கு அத்தியாவசியம்.

யாருடைய பெயரில் கணக்கு?

கடைகளைவிட எனக்குக் கவலை தருவது எங்கள் சங்கங்களும் பொது அமைப்புகளும். மாதர் சங்கத்தின் சுழற்சிக் கடன் பதிவு, கிராமத்தின் காணிப் பிரச்சினைக் கோவை, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் பல வருடங்களாகச் சேர்த்த படங்களும் கடிதங்களும் ஒருவருடைய தனிப்பட்ட ஜிமெயில் கணக்கில் கிடப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். இதுவும் கிளவுட்தான். அந்த ஒருவர் கனடா போய்விட்டால், உள்நுழையும் இரகசிய இலக்கம் அவருடைய பழைய போனுக்குப் போகும். இரண்டு வருடம் பாவிக்கப்படாத தனிப்பட்ட கணக்குகளை உள்ளடக்கத்தோடு அழிக்கலாம் என்ற கொள்கையை கூகுள் 2023 டிசெம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. குண்டு விழாமலேயே ஒரு கிராமத்தின் பதிவு காணாமற் போகலாம்.

எழுத்துருவும் ஒரு சிக்கல். பழைய கோப்புகளில் பல பாமினியில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே ஏற்றினால் அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். பெயரைத் தேடினால் கிடைக்காது. ஏற்றுமுன் யுனிகோடுக்கு மாற்றவேண்டும். இதை எந்தச் சேவை வழங்குநரும் செய்து தரமாட்டார்.

கடைக்காரருக்கு முதல் கொட்டேசனையே சொன்னேன். அவருக்குத் தனிச் செயலி எழுதவேண்டிய தேவையும் இல்லை, சேர்வரைப் பராமரிக்க ஆளும் இல்லை. கூடவே நான்கு விடயங்களைச் சொன்னேன். கணக்கு கடையின் பெயரில் தனி மின்னஞ்சலில் திறக்கப்படவேண்டும். அதன் கடவுச்சொல் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கவேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடன் பட்டியலை எக்ஸெல்லில் இறக்கி, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் சேமிக்கவேண்டும். அதைக் கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்தக் கோப்பு உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்க்கவேண்டும். தரவுப் பாதுகாப்பில் பழகியவர்கள் மூன்று பிரதி, இரண்டு விதமான சேமிப்பு, ஒன்று வேறிடத்தில் என்று சொல்லும் விதி இதுதான்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பையையும் கையிலை வைச்சிருக்கத்தான் வேணும் எண்டுறீர்" என்றார். ஓம், அதைத்தான் சொன்னேன்.