பதினோரு வயதில் எழுதப்படும் தலையெழுத்து

ஏப்ரல் பிறந்துவிட்டால் வேலூர், தருமபுரி, விழுப்புரம் என்று எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் அந்தப் பதாகை கண்ணில் படும். வெள்ளை அங்கி போட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஒரு சிறுவன். கீழே கொட்டை எழுத்தில், 'ஆறாம் வகுப்பிலிருந்தே நீட், ஜேஇஇ ஃபவுண்டேஷன்'. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதினோரு வயது. பதினெட்டு வயதில் எழுதப்போகிற தேர்வுக்கு இன்றைக்கே அட்டவணை தயார். எட்டாம் வகுப்பில் ஒன்பதின் பாடம், ஒன்பதில் பத்தின் பாடம், பத்து முடிந்ததும் முதல் குரூப், அதன் பிறகு இரண்டு ஆண்டுக்குத் தூக்கமில்லை. ஐந்தாண்டுத் திட்டத்தை இந்திய அரசே 2017உடன் மூட்டை கட்டிவிட்டது. நம் வீடுகளில் ஏழாண்டுத் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதை நடுத்தர வர்க்கத்துப் பெற்றோரின் பேராசை என்று நாளிதழ்களின் இணைப்பு மலர்கள் எழுதித் தீர்த்துவிட்டன. அது அவர்கள் வீட்டுச் சிக்கல் என்றால் நமக்கு இங்கே பேச வேலையில்லை. ஆனால் அந்த அட்டவணை இப்போது சேரிக்குள்ளும் வந்துவிட்டது. நம் தோழர்கள் நடத்தும் இரவுப் பாடசாலைகளிலேயே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயருக்கு நேராக 'மருத்துவர்', 'ஐஏஎஸ்' என்று எழுதி, ஆண்டுவாரியாகக் கட்டம் போட்டு ஒட்டுகிறார்கள். "அவன் ஆறாவதுலேயே ஆரம்பிக்கிறான் தோழர், நம்ம பசங்க பன்னெண்டாவதுல முழிச்சா எப்படி?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதிலில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். பிள்ளையின் எதிர்காலத்தை முன்கூட்டியே முடிவு செய்வது இந்த நாட்டில் புதிய பழக்கம் அல்ல. பிறப்பதற்கு முன்பே தொழிலை முடிவு செய்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் சாதி. சாதி வெறும் வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து வைப்பது என்று 1936இல் எழுதிய அண்ணல் அம்பேத்கர், அதே இடத்தில் இன்னொன்றையும் சுட்டினார். மனிதருக்கான வேலை அவருடைய திறனைப் பார்க்காமல், பெற்றோரின் சமூக நிலையைப் பார்த்து முன்னதாகவே ஒதுக்கப்படுகிறது என்பது அவருடைய வாதம். நாம் பெரும்பாலும் முதல் பாதியைத்தான் மேடையில் சொல்கிறோம். 'முன்னதாகவே' என்ற சொல்லில்தான் என் கவனம் நிற்கிறது.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பிள்ளையைப் பாதி நாள் பள்ளியிலும், மீதி நேரம் அப்பன் தொழிலிலும் வைத்தது. குலக்கல்வி என்று பெயர் சூட்டி, பெரியாரும் திராவிடர் கழகமும் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். காமராசர் முதல்வரானதும் 1954இல் அது கைவிடப்பட்டது. அந்தப் போராட்டத்தின் அடிப்படை, எட்டு வயதுப் பிள்ளை என்னவாகும் என்பதை எவனும் எழுதி வைக்கக்கூடாது என்பதுதான். செருப்புத் தைப்பான் என்று எழுதி வைப்பதும் மருத்துவராவான் என்று எழுதி வைப்பதும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. ஒன்று இழிவில் தள்ளுவது, மற்றது இழிவிலிருந்து மீட்க நினைப்பது. ஆனால் இரண்டிலும் அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை என்பதையும் மறைக்க முடியாது.

இனி கணக்குக்கு வருவோம். நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய்ந்து 2021இல் அறிக்கை அளித்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு ஒரு விவரத்தை வெளியே கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2016-17இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் பழைய மாணவர்கள், அதாவது பள்ளி முடித்து ஓராண்டாவது காத்திருந்து வந்தவர்கள், 12.47 சதவீதம். 2020-21இல் அதுவே 71.42 சதவீதம். ஆக, ஆறாம் வகுப்பில் தொடங்கும் ஏழாண்டுத் திட்டம் உண்மையில் எட்டாண்டு, ஒன்பதாண்டுத் திட்டம். கடைசி ஓரிரு ஆண்டை உட்கார்ந்து சாப்பிட்டுப் படிக்க வசதி உள்ள வீட்டுக்குத்தான் இந்தத் திட்டமே வரையப்பட்டிருக்கிறது. நம் வீட்டில் பன்னிரண்டு முடித்த பையன் ஓராண்டு வேலைக்குப் போகாமல் இருந்தால், அந்த ஓராண்டுக்கான அரிசியை யாருடைய கூலியிலிருந்து எடுப்பது? அவர்கள் அட்டவணையில் தவறுக்கு இடம் உண்டு. அதை நகலெடுத்து நாம் ஒட்டும்போது அந்த இடம் காணாமல் போய்விடுகிறது.

களைத்துப் போவதிலும் இதே கணக்குதான். 'பர்ன் அவுட்' என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதை வேலையிடம் சார்ந்த நிலையாகத்தான் விளக்கியது: சக்தி வடிந்துபோவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, செய்வதில் திறன் குறைந்துவிட்டதாகத் தோன்றுவது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது என்பது போலத் தோன்றும். விடிகாலை ஐந்து மணிக்கு எழுப்பி, இரவு பத்து மணிவரை உட்காரவைத்து, ஞாயிறு தோறும் தேர்வு வைக்கும் விடுதிப் பள்ளிகள் நாமக்கல் வட்டாரத்தில் பெருகியபோது மக்கள் அவற்றுக்கு 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வைத்தார்கள். ஒரே சொல்லில் அத்தனை ஆய்வும் அடங்கிவிட்டது. அங்கே நடப்பது வேலைதான், கூலி மட்டும் இல்லை.

ஆனால் ஒரு வசதியான வீட்டுப் பிள்ளை களைத்துப் போனால் அதற்கு மருத்துவர் இருக்கிறார், ஓய்வு இருக்கிறது, அப்பாவின் கடை இருக்கிறது, கட்டணம் கட்டிச் சேரத் தனியார் கல்லூரி இருக்கிறது. நம் பிள்ளை களைத்துப் போனால் அதற்கு இடைநிற்றல் என்று பெயர். அது மட்டுமா? 'கோட்டாவுல வந்தது, அவ்வளவுதான் வரும்' என்று ஒரு தீர்ப்பும் தயாராக இருக்கும். சோர்வைத் திறமைக் குறைவாகப் படிக்கிற கண் இந்தச் சமூகத்தில் சாதிக் கண்தான். நான் முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த பிறகும், ஒரு வாரம் நூலகத்துக்கு வராவிட்டால் யாருடைய வருகையின்மை 'உடம்பு சரியில்லை' ஆகிறது, யாருடையது 'சீரியஸ்னெஸ் இல்லை' ஆகிறது என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அப்பா கொத்தனார், அம்மா பேரூராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணி. ஏழாம் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரி என்று தெரிந்ததும் தெருவே சேர்ந்து அவளை மருத்துவராக்கிவிட்டது. பிறந்தநாளுக்குக்கூட யாரோ பொம்மை ஸ்டெதஸ்கோப் வாங்கிக் கொடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாள். பத்தாம் வகுப்பு அரையாண்டுக்கு முன் ஒருநாள் வந்து உட்கார்ந்து, "அண்ணா, எனக்குப் படிக்க வரும்ணா. ஆனா புக்கைத் தொறந்தா எழுத்து நிக்க மாட்டேங்குது" என்றாள். அவள் இப்போது வரலாறு, பொருளியல் உள்ள பிரிவில் பிளஸ் ஒன் படிக்கிறாள். வீட்டில் சிரிக்கிறாள் என்று அம்மா சொன்னார். தெரு மட்டும் இன்னமும் துக்க வீட்டில் பேசுவது போலத்தான் அதைப் பேசுகிறது. ஒரு தலைமுறையின் விடுதலையை ஒரு பிள்ளையின் முதுகில் ஏற்றிவிட்டு, அது குனிந்தால் நாமே குற்றம் சொல்கிறோம். தோழர்கள் கோபப்பட்டாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

நீண்ட திட்டத்துக்கு இன்னொரு கோளாறும் உண்டு. விதி மாறாமல் இருந்தால்தான் திட்டம் நிற்கும். தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கு 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. 2006இல் சட்டம் போட்டு அதை ஒழித்தோம். 2016இல் நீட் வந்தபோது மாநில இடங்களுக்கு ஓராண்டு விலக்கு கிடைத்தது. 2017இல் அது கிடைக்கவில்லை. குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்திருந்தார். அன்றுவரை இருந்த விதிப்படி எதையெல்லாம் செய்ய வேண்டுமோ அதையெல்லாம் செய்து முடித்திருந்தார். விதியைத்தான் மாற்றினார்கள். தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு ஆண்டும் பன்னிரண்டையே உருப்போட வைத்ததால், அதே ஆண்டு பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை வந்து அதை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது, நல்லது. ஆனால் மறுபடியும் பதினொன்றாம் வகுப்பு விழுங்கப்படும் என்று நான் அஞ்சுகிறேன். தேர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்களுக்கு வழி தெரியும். இப்படி ஆட்டம் நடுவே கோடு மாற்றி வரையப்படுகிற மைதானத்தில் ஆறாம் வகுப்பிலேயே ஒரே கோட்டைப் பிடித்து ஓடச் சொல்வது வழிகாட்டுதல் ஆகாது.

"எல்லாம் சரி, பத்தாவது முடிந்ததும் குரூப் எடுக்கும்போது கதவு மூடிவிடுகிறதே" என்பார்கள் மூத்த தோழர்கள். உண்மை. பதினைந்து வயதில் உயிரியலை விட்டவர் மருத்துவத்தை விட்டார், கணிதத்தை விட்டவர் பெரும்பாலான பொறியியலை விட்டார். அதற்கும் முன்னால் ஒரு மூடல் நடக்கிறது. பல ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளிகளில் எல்லாக் குரூப்பும் கிடையாது. இருக்கிற பள்ளியிலும் 'நூறு சதவீதத் தேர்ச்சி' கெட்டுவிடும் என்று முதல் தலைமுறைப் பிள்ளையை முதல் குரூப் பக்கம் வரவிடாமல் தொழிற்பிரிவுக்குத் திருப்பிவிடுகிற ஆசிரியர்கள் உண்டு. எனவே முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை இருக்கின்றன. ஆனால் அவை வேறு.

ஆறாம் வகுப்பிலேயே ஒரு வீடு தெரிந்திருக்க வேண்டியது என்ன? அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. அதைப் பெற ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மருத்துவக் கனவுக்காகவே ஒன்பதாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுகிற பெற்றோர், அந்தக் கனவுக்கான அகலமான வழியைத் தாங்களே அடைத்துவிடுகிறார்கள். இதைச் சொல்ல நம் சுவரில் ஒரு தாள் இருந்தால் போதும். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், எந்தக் குரூப் எந்தக் கதவை மூடும், கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் யாருக்கு, எப்போது என்கிற விவரங்கள் பெரியவர்கள் சுமக்க வேண்டிய திட்டம். பிள்ளையின் பெயருக்கு நேராகத் தொழிலை எழுதி வைப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது.

அம்பேத்கரின் படிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் அவர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாதவர் என்பதால் அந்தக் கதவு சாத்தப்பட்டது, பாரசீகம் எடுத்தார். அவருக்கும் குரூப்பைச் சாதிதான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. 1913இல் கொலம்பியாவுக்குப் போனபின் மூன்றாண்டில் அவர் பதிந்த பாடங்களைப் பாருங்கள்: பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3, போதாததற்கு ஆரம்பநிலை பிரெஞ்சும் ஜெர்மனும். இன்றைய ஆலோசகர் ஒருவரிடம் அந்தப் பட்டியலைக் காட்டினால் 'ஃபோகஸ் இல்லை' என்பார். அங்குமிங்கும் மேய்கிற அந்த உரிமை மேட்டுக்குடிப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே கிடைக்கிறது. இருபத்தைந்து வயதில்கூட 'இன்னும் யோசிக்கிறேன்' என்று அவர்களால் சொல்ல முடிகிறது. நம் பிள்ளைக்குப் பதினோரு வயதிலேயே பதில் வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கை பிள்ளையை நோக்கி இருக்கக்கூடாது, அரசை நோக்கி இருக்க வேண்டும். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக்கூடாது என்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பள்ளிக்குள்ளேயே 'ஒருங்கிணைந்த வகுப்பு' என்ற பெயரில் அதே கடை நடந்தால் அந்த விதிக்கு என்ன பொருள்? மாநில அரசு இதற்குத் தனிச் சட்டம் கொண்டுவரலாம். ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளிகள் அனைத்திலும் எல்லாக் குரூப்பும், அவற்றுக்கு ஆய்வகமும் ஆசிரியரும் வேண்டும். பிளஸ் டூ முடித்தபின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றவரும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் அறிவித்துவிட்டது. பதினைந்து வயதில் மூடிய கதவை இருபது வயதில் திறக்க ஒரு வழி அது. மாவட்டத்துக்கு ஓர் அரசுப் பள்ளியிலாவது, வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய மாலை நேரத்தில், ஆய்வக வசதியோடு அந்த ஒரு பாடத்தை இலவசமாக நடத்த எவ்வளவு செலவாகிவிடும்? அடுத்த கல்வி மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன் நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் இதை எழுத்தில் கொடுப்போம்.