யாருடைய வாசிப்பு செத்தது?

செல்போன் வந்து வாசிப்பைக் கொன்னுடுச்சாம். மேடைக்கு மேடை ஒப்பாரி. நான் கேக்குறேன்: யாரோட வாசிப்பை? 1948-லேயே நூலகச் சட்டம் வந்தது. எங்க ஊரில் நூலகம் நின்றது ஊர்த்தெருவில். சேரிப்பிள்ளை படியேறினா முறைப்பு. அப்போது யாரும் அழவில்லை.

1936-ல் அம்பேத்கர் உரையைத் திருத்த மறுத்ததும் லாகூர் மாநாட்டையே ரத்து செய்தார்கள். தன் காசில் 1,500 படிகள் அச்சிட்டார். அந்தச் 'சாதி ஒழிப்பு' இன்று சேரிப்பிள்ளையின் செல்போனில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆனால் தோழர்களே, இரண்டாம் பக்கம் புரளுமுன் அரிவாள் தூக்கும் சாதிப்பெருமை வீடியோ விரலை இழுக்கிறது. நம் கண் நிலைக்கும் நேரத்தை விளம்பரத்துக்கு விற்றுத்தான் கம்பெனிக்காரன் கொழுக்கிறான். நமக்குக் கிடைத்த முதல் நூலகத்தை அவனிடம் விட்டுடாதீங்க. பத்துப் பேர் கூடுங்க. ஒருத்தர் சத்தமாப் படிக்கட்டும். கடைசிப் பக்கம் வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது.