போட்டியும் மூச்சுக்காற்றும்

விண்வெளிப் போட்டியின் வரலாற்றைத் தேதிகளின் வரிசையாகச் சொல்வது வழக்கம். 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. நான்கு மாதங்களுக்குள் அமெரிக்கா எக்ஸ்புளோரரை அனுப்பியது. 1961-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் யூரி ககாரின் 108 நிமிடங்களில் பூமியை வலம் வந்து இறங்கினார். மே 5-ஆம் நாள் ஆலன் ஷெப்பர்ட் கால் மணி நேரம் விண்ணைத் தொட்டு மீண்டார். அதே மாதம் 25-ஆம் நாள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மனிதனைச் சந்திரனில் இறக்குவோம் என்ற இலக்கை ஜனாதிபதி கென்னடி தம் நாட்டின்முன் வைத்தார். யார் முந்தினார், யார் பிந்தினார் என்பதே இவ்வரிசையின் பொருள். இதில் நெடுங்காலம் இடம்பெறாதிருந்த ஒரு தேதியை நாம் இம்மாதம் எண்ணிப் பார்ப்போம்.

அது 1961-ஆம் ஆண்டு மார்ச் 23. ககாரினோடு தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் வீரர் குழுவில் யாவரினும் இளையவர் வாலண்டின் பொந்தரென்கோ. வயது 24. மனைவியும் ஒரு சிறு மகனும் உடையவர். விண்கலத்தின் தனிமையைத் தாங்கும் பயிற்சிக்காக அவர் பத்து நாட்களாக ஓர் அடைத்த அறைக்குள் இருந்தார். அவ்வறையில் காற்றழுத்தம் குறைக்கப்பட்டு, பிராணவாயுவின் அளவு மிகுதியாக வைக்கப்பட்டிருந்தது. உடலில் ஒட்டியிருந்த கருவிகளை எடுத்தபின், தோலைச் சாராயம் தோய்ந்த பஞ்சினால் துடைத்து அதை வீசினார். பஞ்சு மின் அடுப்பின்மேல் விழுந்தது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கே பிராணவாயு. அந்த அளவு கூடும்போது சிறு பொறியும் பெருந்தீயாகிவிடும். உள்ளும் புறமும் அழுத்தம் வேறுபட்டிருந்தமையால் கதவை உடனே திறக்க இயலவில்லை. அவர் மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

இருபது நாட்கள் கழித்து ககாரின் புறப்பட்டார். உலகமே ஆர்ப்பரித்தது. பொந்தரென்கோவின் பெயரை மட்டும் யாரும் உரைக்கவில்லை. போட்டியில் முந்திக்கொண்டிருந்த நாடு தன் இழப்பை எதிரியின் செவிக்கு எட்டவிட விரும்பவில்லை. 1986-ஆம் ஆண்டில்தான், அதாவது கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே, ‘இஸ்வெஸ்தியா’ நாளிதழ் இம்மரணத்தை வெளியிட்டது.

இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது யாது? அமெரிக்கரின் அப்போலோ கலத்தில் வீரர்கள் தூய பிராணவாயுவையே சுவாசிப்பதென ஏற்பாடாகியிருந்தது. விண்வெளியில் அதனைச் சாதாரண அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்காக வைத்தாலே போதும். கருவிகளும் எளியவை, எடையும் குறைவு. ஆனால் தரையில் சோதனை செய்தபோது, வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்று மிகுதியாகவே அதைக் கலத்துக்குள் நிரப்பினர். 1967-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் மாலை, எரிபொருள் நிரப்பாத ராக்கெட்டின் உச்சியில், கஸ் கிரிஸம், எட்வர்ட் வைட், ரோஜர் சாஃபி ஆகிய மூவரும் ஒத்திகைக்காக அமர்ந்திருக்கையில் தீ மூண்டது. உட்கதவு உட்புறமாகத் திறக்க வேண்டிய கதவு. உள்ளே பெருகிய அழுத்தம் அதனை இறுக்கிக்கொண்டது. வெளியிலிருந்தவர்கள் கதவுகளைத் திறந்து முடிக்க ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் ஆயின. அதற்குள் மூவரும் மாண்டனர்.

பொந்தரென்கோவின் கதி முன்பே தெரிந்திருந்தால் இம்மூவரும் பிழைத்திருப்பார்கள் என்று நாம் உறுதியாகக் கூறிவிட முடியாது. பிராணவாயுவின் அபாயத்தை அமெரிக்கப் பொறியியலாளரும் அறியாதவர் அல்லர். எனினும் அறிந்தும் அவசரத்தில் ஒதுக்கி வைத்த ஒன்றை, பிறன் வீட்டுப் பிணம் நினைவூட்டியிருக்கக்கூடும். அந்த நினைவூட்டலுக்கு வழியில்லாமற் போயிற்று.

அதே ஜனவரி 27-ஆம் நாளில் வேறொரு காரியமும் நடந்தது. விண்வெளி பற்றிய உலக உடன்படிக்கையில் அமெரிக்காவும் சோவியத் நாடும் பிரிட்டனும் கையொப்பமிட்டன. விண்வெளி வீரர்கள் மனித குலத்தின் தூதுவர்கள், ஆபத்தில் சிக்கிய வீரருக்கு எல்லா நாடுகளும் இயன்ற உதவி செய்யக் கடமைப்பட்டவை என்று அதன் ஐந்தாம் பிரிவு கூறுகிறது. வாஷிங்டனில் நடந்த சடங்கில் அமெரிக்க விண்வெளி வீரர் சிலரும் கலந்துகொண்டனர். அன்று மாலையே அவர்களுடைய தோழர் மூவர் தீக்கு இரையாயினர்.

மூன்று மாதங்கள் செல்லவில்லை. ஏப்ரல் 24-ஆம் நாள் சோவியத் வீரர் விளாதிமிர் கொமரோவ், சோயூஸ் 1 கலத்தின் பாரசூட் விரியாமையால் தரையில் மோதி இறந்தார். அவருடைய இறுதிச் சடங்கில் தங்கள் சார்பில் பங்குகொள்ள அமெரிக்க வீரர்கள் அனுமதி கேட்டனர், அது மறுக்கப்பட்டது.

1971-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் மீண்டும் ஒரு துயரம். சல்யூத் நிலையத்தில் தங்கித் திரும்பிய சோயூஸ் 11 கலத்தில் ஓர் அடைப்பு வழியில் திறந்துகொண்டது. காற்று முழுவதும் வெளியேறியது. கலம் ஒழுங்காகவே தரையிறங்கியது. கதவைத் திறந்தவர்கள் தொப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பத்ஸாயெவ் ஆகிய மூவரையும் உயிரற்ற உடல்களாகவே கண்டனர். மூவர் அமரக்கூடிய அக்கலத்தில் பாதுகாப்பு உடைக்கு இடமில்லை என்று அவர்களை அவ்வுடையின்றியே அனுப்பியிருந்தார்கள். இம்முறை அயலாருக்குக் கதவு அடைக்கப்படவில்லை. சவப்பெட்டியைச் சுமந்தவர்களுள் ஒருவராக அமெரிக்க வீரர் தாமஸ் ஸ்டாஃபர்ட் மாஸ்கோவில் நின்றார்.

மறு ஆண்டு, 1972-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், இரு நாடுகளும் தத்தம் கலங்களை விண்ணில் இணைப்பதென ஒப்பந்தம் செய்துகொண்டன. உடனே எழுந்த பெருஞ்சிக்கல் எது தெரியுமா? மூச்சுக்காற்று! அப்போலோவில் அழுத்தம் குறைந்த பிராணவாயு. சோயூஸில் நாம் சுவாசிப்பதை ஒத்த காற்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேரே சென்றால் உடல் தாங்காது. ஆகவே இரண்டுக்கும் நடுவே, அழுத்தத்தைச் சிறுகச் சிறுக மாற்றிக்கொள்ள ஓர் அறையை அமெரிக்கர் அமைத்தனர். சோயூஸ் தன் அழுத்தத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டது. அப்போலோவின் பிராணவாயுவுக்குள் நுழையும் சோவியத் வீரருக்கு எளிதில் தீப்பற்றாத துணியில் உடை நெய்யப்பட்டது. அதற்கு முன்பிருந்த இணைப்புக் கருவிகளில் ஒரு கலம் நுழைவதாகவும் மற்றது ஏற்பதாகவும் இருக்கும். இப்போதோ இரு பக்கமும் ஒரே வடிவாய், எப்பக்கமும் முந்திச் செயல்படத்தக்கதாய், கருவியை இரு நாட்டாரும் சேர்ந்து வகுத்தனர்.

இவையெல்லாம் நடந்தேற வேண்டுமானால், ஒவ்வொரு தரப்பும் தன் கலத்தில் எரியக்கூடியது எது, பழுதடையக்கூடியது எது, முன்பு தன் வீரர்கள் எதனால் இறந்தார்கள் என்பதை மற்றத் தரப்பின்முன் எடுத்து வைத்தாக வேண்டும். போட்டி எதை மறைக்கச் சொல்லிற்றோ அதையே உறவு வெளிப்படுத்தச் சொல்லிற்று.

1975-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் ஸ்டாஃபர்டும் அலெக்ஸி லியோனோவும் விண்ணில் கைகுலுக்கினர். அமெரிக்கர் ருஷ்ய மொழியிலும், சோவியத் வீரர் ஆங்கிலத்திலும் பேசினார்கள். பிறர் மொழியைத் தாம் பேசினால் ஒருவரை ஒருவர் எளிதில் புரிந்துகொள்ளலாம் என்று கண்டிருந்தார்கள். அமெரிக்கர் மூவரும் ஜூலை 24-ஆம் நாள் திரும்பி இறங்குகையில் நச்சுவாயு கலத்துக்குள் புகுந்தது. நினைவிழந்த வான்ஸ் பிராண்டின் முகத்தில் பிராணவாயு முகமூடியைப் பொருத்திக் காத்தவர் ஸ்டாஃபர்டே.

போட்டி அத்துடன் ஒழிந்துவிடவில்லை. அடுத்த முறை இரு நாட்டுக் கலங்கள் இணைய இருபது ஆண்டுகள் சென்றன. 1995-ஆம் ஆண்டு ஜூனில் அட்லாண்டிஸ் ஓடம் மீர் நிலையத்தோடு சேர்ந்தது. அப்போது பயன்பட்டது 1975-இன் கருவியின் வழிவந்ததே. 2000-ஆம் ஆண்டு நவம்பர் முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ருஷ்யரும் அமெரிக்கரும் ஒரே காற்றைச் சுவாசித்து வாழ்ந்து வருகின்றனர். தரையில் அவர்தம் அரசுகள் முகம் திருப்பிக்கொண்ட நாட்களிலும் அது நின்றுவிடவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, முந்த வேண்டும் என்ற வேட்கை இரு நாடுகளுக்கும் பேராற்றல் தந்தது உண்மை. அதை இகழ வேண்டியதில்லை. பிள்ளைகளிடத்தும் அவ்வேட்கையை நாம்தாமே வளர்க்கிறோம்! ஆனால் போட்டி மனப்பான்மை நம்மை வாய்மூடச் செய்யும் இடம் ஒன்று உண்டு. மூடாத கிணறும், பழுதான மின்கம்பியும், பிள்ளைக்கு ஒவ்வாமற்போன மருந்தும் நம் வீட்டுக்கு இழைத்த தீங்கை, ‘ஊரார் என்ன நினைப்பார்களோ’ என்று மறைத்துவிடுகிறோம். அதே கிணறு அடுத்த வீட்டிலும் மூடாமலே கிடக்கிறது. அவர்களோடு நமக்குப் பேச்சுவார்த்தை இல்லாதிருக்கலாம். இருந்தாலும் அதைப் போய்ச் சொல்ல வேண்டும்.

2019-ஆம் ஆண்டு அக்டோபரில் லியோனோவ் மறைந்தார். 89 வயதான ஸ்டாஃபர்ட் கடல் கடந்து சென்று, அவருடைய இறுதிச் சடங்கில் இரங்கலுரை ஆற்றினார்.