நூறு கிராமுக்கு ஒரு சொல்

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும் என் வயதுக்காரர்களுக்கு எல்லோரும் முதலில் சொல்லிக்கொடுப்பது அந்த ஊர் மொழியில் வணக்கமும் நன்றியும்தான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வணக்கத்துக்குத் தலையசைத்தால் போதும். அரைக் கிலோ தக்காளியைத் தலையசைத்து வாங்க முடியுமா? கடையில் அளவு சொல்லத்தான் முதலில் படிக்கவேண்டும்.

இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். மகளும் மாப்பிள்ளையும் காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். "என்ன வேணும்னு எழுதி வச்சிடுங்கப்பா, வாங்கிட்டு வர்றேன்" என்பாள் மகள். அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் ஒரு எலுமிச்சம்பழத்துக்குக்கூட, குறிப்பெழுதி மேலதிகாரி ஒப்புதலுக்குக் கோப்பு வைத்ததுபோல இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அதைச் செய்து ஓய்ந்தவன் நான்.

ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு சாந்த் அம்ப்ரோஜோ சந்தைக்கு நடந்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவனுக்கு இத்தாலியன் என்ன பெரிய விஷயம், இரண்டும் லத்தீன் பெற்ற பிள்ளைகள்தானே என்ற தைரியம். பிரெஞ்சில் வெள்ளரிக்காய் 'கொங்கோம்ப்ர்'. இங்கே 'கொகோமெரோ' என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இரண்டு கேட்டேன். கடைக்காரர் இரண்டு முழுத் தர்ப்பூசணியைத் தூக்கி வைத்தார்! வெள்ளரிக்கு அங்கே 'சேத்ரியோலோ' என்று பெயராம். (பிளாரன்ஸ்காரர்கள் நடுவில் வரும் ககரத்தை, நாம் 'அகம்' சொல்வதுபோல, ஹகரமாக்கிவிடுகிறார்கள். அது வேறு குழப்பம்.)

காய்கறியில் கைவைத்து அழுத்திப் பார்க்கும் நம் பழக்கமும் அங்கே ஆகாது. சொன்னால் அவர்களே எடுத்துப் போடுவார்கள். ஆகவே வாய்தான் கை. 'உன் கீலோ' ஒரு கிலோ, 'மெத்ஸோ கீலோ' அரைக் கிலோ.

நூறு கிராமுக்குத்தான் தனிச் சொல்: 'எத்தோ'. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வகுப்பில் கிலோகிராம், எக்தோகிராம், தெகாகிராம், கிராம் என்று ராகம் போட்டு ஒப்பித்திருக்கிறோம். 1795இல் இந்த அளவுமுறைக்குச் சட்டம் போட்ட பிரெஞ்சுக்காரர்களே கடையில் எக்தோ என்று கேட்பதில்லை, 'நூறு கிராம்' என்றுதான் கேட்கிறார்கள். அறுபது வருஷமாக எதற்கும் உதவாமல் மண்டைக்குள் கிடந்த சொல், இத்தாலியப் பாலாடைக்கட்டிக் கடையில் உயிரோடு நிற்கிறது. நூறுக்கு 'உன் எத்தோ', இருநூறுக்கு 'துவே எத்தி'. விலைப்பலகையிலும் கவனம் வேண்டும். எத்தோவுக்குப் போட்ட விலையைக் கிலோ விலை என்று நினைத்தால் பில் பத்து மடங்கு வரும்.

நான் எத்தோவை மெச்சுவதற்குக் காரணம் உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் அடைத்து வைத்த பொட்டலம் குடும்பத்துக்கு ஆகும். ஒற்றை ஆளுக்கு, அதுவும் உப்பையும் கொழுப்பையும் குறைக்கச் சொன்ன ஆளுக்கு ஆகாது. நறுக்கித் தரும் கடையில் ஓர் எத்தோ கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. எனக்கு முன்னால் நின்ற பாட்டிகள் பலர் அப்படித்தான் வாங்கினார்கள். நம்மூர் மளிகைக்கடையில் "நூறு குடுங்க" என்றால் போதுமே, அதேதான்.

ஆனால் கடைக்காரர் எங்கும் கடைக்காரர்தான். ஓர் எத்தோ கேட்டால் கத்தி சற்றுத் தள்ளித்தான் இறங்கும். தராசு 130 காட்டும். "கே ஃபாச்சோ, லாஷோ?" என்பார். என்ன செய்யட்டும், இருக்கட்டுமா என்று அர்த்தம். முதல் வாரம் எல்லாவற்றுக்கும் 'சி, சி' என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பிறகுதான் 'மெனோ' படித்தேன்: குறைச்சுக்குங்க. வாங்கி முடிந்ததும் 'பஸ்தா கொஸி', இவ்வளவு போதும். இந்த இரண்டும் நாவில் ஏறிய நாளில்தான் அந்த ஊரில் நான் விருந்தாளி இல்லை என்று தோன்றியது.

காய்கறிக்காரரிடம் கணக்கு முடித்ததும் ஒருநாள் பார்ஸ்லிக் கொத்து, ஒரு செலரித் தண்டு, ஒரு கேரட் மூன்றையும் பையில் சும்மா போட்டார். 'ஒதோரி' என்றார், மணத்துக்குப் போடுகிற சாமான். காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு, அவ்வளவுதான்! நான் சிரித்ததன் காரணம் அவருக்குப் புரிந்திருக்காது.

அடுத்த வாரம் காலையில் மேசைமேல் ஒரு சீட்டு இருந்தது. மகள் எழுத்து. "அப்பா, சந்தைக்குப் போனா பெக்கொரீனோ துவே எத்தி."