எண் தப்பு... ஆள் தப்பா?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு 'பேர்' என்றுதான் பெயர். முழுசாக உழைத்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் பேர் விழவில்லையா? அன்றைக்கு நீங்கள் மலை ஏறவே இல்லை என்று அர்த்தம்!

1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் உருவானவைதான் அரசுத் தேயிலைத் தோட்டங்கள். டான்டீ என்றால் உங்களுக்குப் புரியும். நெல்லியாளம், சேரம்பாடி பக்கம் போனால் அந்தக் குடும்பங்களைப் பார்க்கலாம். பக்கத்திலேயே தனியார் எஸ்டேட்டுகளும் உண்டு.

இன்று பேர் போதாது, எண்ணும் வேண்டும். 2014-ல் பி.எஃப். சந்தாதாரர்களுக்கு 12 இலக்க யு.ஏ.என். வந்தது. எத்தனை கம்பெனி மாறினாலும் ஒரே எண். நல்ல திட்டம், மறுக்கவில்லை. 2021-ல், ஆதாரோடு இணைத்துச் சரிபார்த்த எண்ணுக்கு மட்டுமே முதலாளி பணம் கட்ட முடியும் என்றார்கள். சிக்கல் அங்கேதான்.

ஒரு அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கொண்டுவந்த பழைய காகிதத்தில் மாரியாயி. ரேஷன் கார்டில் மாரியம்மாள். ஆதாரில் இனிஷியல் மாறி இன்னொன்று. பிறந்த தேதி, எழுதியவர் கைக்கு வந்த தேதி. சம்பள சாஃப்ட்வேரில் அவர் வரி மட்டும் சிவப்பாக எரிகிறது: 'செல்லாத எண்'.

அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் பணம் கட்டியாக வேண்டும். ஒரே கிளார்க், நூற்றுக்கணக்கான பெயர்கள். அவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்குத் தெரிந்த வழி இரண்டு. அந்த அம்மாவை விட்டுவிட்டு மற்றவர்களுக்குக் கட்டுவது ஒன்று. புதிதாக ஒரு எண் வாங்கி ஒட்டிவிடுவது இன்னொன்று. சிவப்பு போய்விடும். ஆனால், பத்து வருஷ சர்வீஸ் ஆறும் நாலுமாக இரண்டு எண்களில் உடைந்து கிடக்கும். பென்ஷனுக்குப் பத்து வருஷம் வேண்டும். இரண்டையும் சேர்க்காவிட்டால் பென்ஷன் கிடையாது!

இதற்குப் பெயர் திருத்தமா சார்? தீயை விட்டுவிட்டு மணியை மட்டும் நிறுத்துவது.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். இருப்பாய்வு ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ்' கணக்கில் போடுவோம். தப்பைக் கண்டுபிடிக்கும் வரைதான், அதற்கு மேல் இல்லை. இங்கே ரூபாயை அல்ல, மனுஷியையே சஸ்பென்ஸில் போட்டுவிட்டு கணக்கை மூடிவிடுகிறோம்.

'கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது' என்பார்கள். பாவம் கம்ப்யூட்டர்! ஆதாரின் கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். ஓர் இலக்கம் மாறினாலே பிடித்துவிடும். ஆனால், அந்த எண் யாருடையது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதை ஆளைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும்.

2025 ஜனவரியில் ஒரு சலுகை வந்தது. 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு எண் வாங்கி, ஆதாரும் சரிபார்த்தவர்கள் பெயர், பிறந்த தேதியைத் தாங்களே திருத்திக்கொள்ளலாம். நேற்று சேர்ந்த பையன் செல்போனிலேயே முடித்துவிடுவான். அதற்கு முன்பே எண் வாங்கியவர்களுக்கு? முதலாளி ஒப்புதல் வேண்டும். இருபது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவர் யார் வாசலில் நிற்பார்? எஸ்டேட் கைமாறியிருந்தால்? மாவட்டத் தலைநகர் ஊட்டிக்குப் போய்வந்தாலே ஒரு நாள் சம்பளம் போச்சு.

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. சிவப்பு வரிகளை மாதாமாதம் தமிழில் அச்சிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் ஒட்டுங்கள். எழுத்து தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். திருத்தும் முகாமை எஸ்டேட்டுக்கே கொண்டுவாருங்கள். அன்றைக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.

உங்கள் அலுவலகம் சென்னையிலா, திருப்பூரிலா? அங்கேயும் இதே கதைதான். இன்றைக்கே உங்கள் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். அப்படியே, உங்கள் மாடியைப் பெருக்கும் அக்காவுடையதையும்.

சம்பளத்தில் 12 சதவிகிதம் பிடிக்கும்போது அந்த அம்மா யாரென்று எல்லோருக்கும் சரியாகத் தெரிந்திருந்ததே... திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் எப்படி அடையாளம் தெரியாமல் போனது?